பத்தியும் பாட்டும் ஒரே கையில்: கொழும்பு இசைப் பத்திரிகையாளர் ஒருவரின் பாடல் வானொலிக்குப் போன கதை (நிகழ்வு ஆய்வு)

ஆட்கள், பத்திரிகை, வானொலி நிலையம் எதுவும் இங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. பாடலின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளது.

பின்னணி

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் கொழும்பில் வெளிவரும் தமிழ் வார இதழொன்றின் இசைப் பத்தியாளர். கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்தவர். உள்ளூர்ப் பாடல்கள், மேடை நிகழ்ச்சிகள், வானொலி நிகழ்ச்சிகள் பற்றிப் பல வருடங்களாகக் கிழமைக்கு ஒரு பத்தி எழுதி வந்தார். கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலோ வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலோ ஒரு நிகழ்ச்சி என்றால், குறிப்புப் புத்தகத்தோடு வந்து உட்காருபவர் என்று துறையில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அந்தப் பத்தியில் பெயர் வந்தால் ஒரு இளம் கலைஞருக்கு அடுத்த மேடைக்கு அழைப்பு வரும். ஒரு வரி கடுமையாக விழுந்தால் அந்த அழைப்பு வராமலும் போகும்.

பத்தியாளர் பாடவும் செய்வார். தானே எழுதிய ஒரு மெல்லிசைப் பாடலை ஒலிப்பதிவு செய்து வானொலிக்கு அனுப்ப விரும்பினார். ஒருவர் இரண்டு வேலை பார்ப்பது கொழும்புத் தமிழ் இசைச் சூழலில் புதிதல்ல. இலங்கை வானொலி 1967இல் கூட்டுத்தாபனம் ஆவதற்கு முன்பும் பின்பும், அறிவிப்பாளரே நாடகத்தில் நடிப்பதும் பாட்டு எழுதுவதும் வழக்கமாக இருந்தது. ஆனால் அங்கே பாடகராக நுழைவதற்குக் குரல்தேர்வு என்ற வாசல் இருந்தது. ஒரு குழு கேட்டுத் தரம் பிரித்தது. 1990களின் பிற்பகுதியில் தனியார் எப்.எம். சேவைகள் பெருகிய பின் நிலைமை வேறு. பெரும்பாலான நேரத்தைத் தென்னிந்தியத் திரைப்பாடல்கள் எடுத்துக்கொள்கின்றன. உள்ளூர்ப் பாடல்களுக்கு ஒதுக்கப்படும் நேரம் குறுகியது. அதற்குள் எது போகும் என்பதைப் பல இடங்களில் ஒரு தயாரிப்பாளரே தீர்மானிக்கிறார். அந்தத் தயாரிப்பாளரின் நிகழ்ச்சியைப் பற்றியும் இந்தப் பத்தியாளர் எழுதுவார் என்பதுதான் இந்த நிகழ்வின் வேர்.

ஒலிப்பதிவு நடந்த விதம்

இசையமைப்பாளர் பத்தியாளருக்கு நன்கு தெரிந்தவர். பேசிய தொகை அவர் வழக்கமாக வாங்குவதில் பாதிக்கும் குறைவு. ‘தங்கச்சி, காசைப் பிறகு பார்ப்பம், முதல்ல பாட்டு வரட்டும்’ என்று வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவுதான் இருவருக்கும் இடையே இருந்த ஒரே ஒப்பந்தம். பாடலின் உரிமை யாருக்கு, இசைக்கோப்பு யாருடையது என்பது பற்றி ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

செலவைக் குறைக்கக் குரலைப் பத்தியாளர் தன் வீட்டிலேயே பதிவு செய்தார். வெள்ளவத்தையில் மெரின் டிரைவை அண்டிய அடுக்குமாடி. கடலுக்கும் வீதிக்கும் நடுவே கரையோர ரயில் பாதை. ரயில் சத்தம் காதுக்குக் கேட்கும்போது நிறுத்திப் பாடினார். ஆனால் ரயில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கட்டடத்தின் வழியாக வரும் அதிர்வு 40 முதல் 60 ஹேர்ட்ஸ் வரையில் மைக்கில் பதிந்திருந்தது. சாதாரண ஹெட்போனில் அது தெரியாது. அதோடு மடிக்கணினியின் சார்ஜர் செருகியபடி இருந்ததால் 50, 100 ஹேர்ட்ஸில் ஓர் இரைச்சல். கடற்காற்றில் ஸ்ராண்டிலேயே விடப்பட்டிருந்த கொண்டென்சர் மைக் இடையிடையே பொரிவது போல வெடித்தது. ஈரப்பதன் கப்சூலின் (மைக்கில் ஒலியை வாங்கும் பகுதி) மின்னேற்றத்தைக் கசிய விடுவதால் வரும் சத்தம் அது. கடற்கரையோர வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. மைக் பழுதென்று நினைத்துப் புதிது வாங்கியவர்களும் உண்டு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மிக்சிங்கில் இசையமைப்பாளர் பாடலை ‘விரிவாக’ ஒலிக்கச் செய்ய, கீபோர்ட் பின்னணியையும் துணைக்குரல்களையும் ஒலியை இடம் வலமாக அகலப்படுத்தும் ஒரு ஸ்ரீரியோ விரிப்பானில் போட்டார். பிறகு சத்தம் பெரிதாக இருக்க வேண்டும் என்று உச்சங்களை எல்லைக்குள் பிடிக்கும் லிமிட்டரை அழுத்தினார். முடிந்த பாடல் 5 நிமிடம் 6 செக்கன். அதில் முதல் 38 செக்கனுக்குக் குரலே இல்லை. ஒலியளவு மைனஸ் 7.5 எல்.யூ.எப்.எஸ். (காது உணரும் சராசரிச் சத்தத்தின் அளவு; பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்), உச்சம் பூச்சியம் டெசிபல், அதாவது கோப்பு தாங்கும் எல்லை.

முதல் அனுப்புதலும் நிராகரிப்பும்

பத்தியாளர் யூடியூப் இணைப்பை நேரே தயாரிப்பாளரின் கைபேசிக்கு அனுப்பினார். பேட்டிகளுக்காகப் பல வருடமாகப் பயன்படுத்தி வந்த அதே எண்ணிலிருந்து அனுப்பினார். உதவியாளர் ஒருவர் யூடியூப்பிலிருந்து இறக்கிய ஒலியை 128 கிலோபிட் எம்பி3 ஆக்கிச் சோதனைக்குப் போட்டார். பாடல் ஒலிபரப்பாகவில்லை. தயாரிப்பாளர் மரியாதையாக, ‘மிக்ஸ் கொஞ்சம் பாருங்கோ, ரேடியோவில நிக்குதில்ல’ என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பதில் பலருக்கும் கிடைப்பது. பலரும் இதைச் சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அது சாக்கு அல்ல. பாடலை ஓர் அனுபவமுள்ள ஒலிப்பதிவாளர் கொட்டாஞ்சேனையில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு கலையகத்தில் வைத்துக் கேட்டபோது பின்வருவன வெளிப்பட்டன.

அவதானித்தவை

முதலாவது, மோனோவில், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்டபோது, பாட்டு உதிர்ந்தது. எல்லா ஒலிகளும் வந்து சேரும் மாஸ்டர் பஸ்ஸில் மோனோ பொத்தானை அழுத்தியதும் கீபோர்ட் பின்னணி ஏறக்குறைய காணாமல் போனது. துணைக்குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து வந்தன. விரிப்பான் ஒரு பக்க அலையைத் தலைகீழாக்கி மறுபக்கத்தில் சேர்ப்பதால் இரண்டும் கூடும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஸ்ரீரியோவில் மட்டும் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் வானொலியை ஸ்ரீரியோவில் கேட்பவர் எத்தனை பேர்? முச்சக்கர வண்டியிலும் கடையிலும் இருப்பது பெரும்பாலும் ஒற்றை ஸ்பீக்கர். காரிலும்கூட, உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே அலை பிரதிபலித்துப் பலவீனமாகும்போது வானொலிப் பெட்டி தானாகவே மோனோவை நோக்கி நகரும். காலிக்குப் போகும் பெருஞ்சாலையான காலி வீதியில் ஓடும் வாகனத்தில் இந்தப் பாடல் நிமிடத்துக்கு நிமிடம் உருமாறியிருக்கும்.

இரண்டாவது, ‘ச’, ‘ஸ’ ஒலிகள் வெட்டின. பல்லவியின் முதல் அடியிலேயே அந்த எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. எப்.எம். ஒலிபரப்பில் உயர் அதிர்வெண்களை முன்கூட்டியே உயர்த்தி அனுப்பி, வானொலிப் பெட்டியில் அதே அளவு தாழ்த்துவார்கள்; இரைச்சலைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. அமெரிக்கக் கண்டமும் இன்னும் சில நாடுகளும் தவிர்ந்த உலகின் பெரும்பகுதியில் இதன் அளவு 50 மைக்ரோ செக்கன். அதன்படி 10 கிலோ ஹேர்ட்ஸில் ஏற்றம் ஏறத்தாழ 10 டெசிபல், 15 கிலோ ஹேர்ட்ஸில் 13 டெசிபலுக்கும் மேல். ஏற்கெனவே கூராக இருக்கும் ‘ஸ’ இந்த ஏற்றத்தில் நிலையத்தின் லிமிட்டரை முட்டுகிறது. லிமிட்டர் அந்த ஒரு கணத்துக்கு உயர் பகுதியை இழுத்துப் பிடிக்கிறது. கேட்பவருக்கு எழுத்து சிதறுவது போலவும், அடுத்த சொல் மங்குவது போலவும் இருக்கும்.

மூன்றாவது, அழுத்திய மாஸ்டர், அதாவது சத்தம் கூட்டிய இறுதிக் கோப்பு. சத்தமாக அனுப்பினால் வானொலியில் சத்தமாகக் கேட்கும் என்ற நம்பிக்கை துறையில் ஆழமாக இருக்கிறது. நடப்பது எதிர்மாறு. நிலையத்தின் ஒலிச் செயலி வரும் எல்லாவற்றையும் பல அலைவரிசைகளாகப் பிரித்துத் தன் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். முன்பே நசுங்கி வந்த பாடலில் அதற்கு வேலை செய்ய இடமில்லை. தாளம் விழும் ஒவ்வொரு முறையும் குரல் கீழே போய் மேலே வருகிறது. மூச்சு வாங்குவது போல ஒலிக்கும்.

நான்காவது, யூடியூப் வழி வந்த கோப்பு. எப்.எம். 15 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேல் எதையும் அனுப்புவதில்லை. ஆகவே எம்பி3 உச்சியை வெட்டியது இங்கே பெரிய இழப்பு அல்ல. ஒரு சுருக்கத்தின் மேல் இன்னொரு சுருக்கம் ஏறியதே கேடு. ஜால்ராவும் ‘ஸ’வும் தண்ணீருக்குள் இருப்பது போல நெளிந்தன.

நீளத்தைச் சொல்லத் தேவையில்லை. செய்திக்கும் விளம்பரத்துக்கும் இடையில் 5 நிமிடப் பாடலுக்கு இடம் கிடைப்பது அரிது. 38 செக்கன் முன்னிசையில் அறிவிப்பாளர் பேசி முடித்த பிறகும் கால் நிமிடம் வெறுமையாகக் கிடக்கும்.

மறுவேலை

பல்லவியைக் கலையகத்தில் மீண்டும் பாடுவது, மற்றப் பகுதிகளை வீட்டுப் பதிவிலிருந்தே மீட்பது என்று முடிவாயிற்று. முழுவதையும் மீண்டும் பாடப் பணமில்லை என்பது ஒரு காரணம். சரணத்தில் வீட்டுப் பதிவின் உணர்ச்சி பாவம் நன்றாக வந்திருந்தது என்பது இன்னொன்று. மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் மூச்சுக் காற்றைத் தடுக்கும் பொப் பில்ட்டர், வாயைச் சற்றே பக்கவாட்டில் வைத்துப் பாடுவது. 24 பிட்டில், உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாத அளவில் பதிந்தார்கள். பெண்குரலில் இந்தப் பாட்டின் மிகத் தாழ்ந்த சுரமும் 190 ஹேர்ட்ஸுக்கு மேலேயே இருந்ததால், 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டியபோது குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரயிலும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் போயின. 100இல் கிடந்த மிச்சத்துக்குக் குறுகிய வெட்டு ஒன்று போதுமாக இருந்தது.

விரிப்பான் நீக்கப்பட்டது. அகலம் வேண்டிய இடத்தில் துணைக்குரலை இரண்டு தடவை தனித்தனியே பாடி இடமும் வலமுமாக வைத்தார்கள். இரண்டும் வெவ்வேறு பதிவுகள் என்பதால் மோனோவில் ஒன்றையொன்று அழிக்காது. ‘ஸ’வுக்கு 6 முதல் 8 கிலோ ஹேர்ட்ஸ் வரை டீ-எஸ்ஸரால் உச்சங்களில் மட்டும் 4, 5 டெசிபல் குறைத்தார்கள். மாஸ்டர் மைனஸ் 13 எல்.யூ.எப்.எஸ்., உண்மை உச்சம் மைனஸ் 1 டெசிபல்.

வானொலிப் பதிப்புக்கு இரண்டாவது இடையிசையும் திரும்ப வரும் ஒரு சரண அடியும் எடுக்கப்பட்டன. முன்னிசை 11 செக்கன், முழு நீளம் 3 நிமிடம் 48 செக்கன். வெட்டிய இடம் தெரியாமலிருக்கத் தாளத்தின் முதல் அடியில் வெட்டி, அதற்கு முன்னிருந்த புல்லாங்குழலின் வால் தேய்ந்து முடியும் வரை அடியில் ஓடவிட்டார்கள். முழுப் பாடல் இணையத்துக்கென்று தனியே இருந்தது.

அனுப்பிய பொதி இவ்வளவே: 44.1 கிலோ ஹேர்ட்ஸ், 16 பிட்டில் சுருக்கப்படாத வேவ் கோப்பு; குரலில்லாத இசை மட்டும் உள்ள கோப்பு; ஒரு பக்கத் தகவல் தாள். கோப்பின் பெயரில் பாடல், பாடகர், நீளம் மூன்றும் ஆங்கில எழுத்தில். தமிழ் எழுத்தில் வைத்தால் சில நிலையங்களின் பழைய மென்பொருளில் கட்டம் கட்டமாகத் தெரியும். பிறகு தேடினாலும் அகப்படாது. முன்பு வந்த கோப்புக்குப் ‘பைனல் மிக்ஸ் நியூ 2’ என்று பெயர். ஒரு நூலகத்தில் அந்தப் பெயரோடு எத்தனை பாடல் கிடக்கும் என்பது நூலகப் பொறுப்பாளருக்கே தெரியும். தகவல் தாளில் வரி எழுதியவர், இசை, பாடியவர், குரல் தொடங்கும் செக்கன், பாட்டு வெட்டென்று முடிகிறதா தேய்ந்து முடிகிறதா என்ற விபரம், ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. இலக்கம் ஆகியவை இருந்தன. பன்னிரண்டு குறிகள் கொண்ட அந்த இலக்கத்தை இணைய விநியோகஸ்தரே வழங்கியிருந்தார்.

ஒலிபரப்பு

இம்முறை பாடல் ஏற்கப்பட்டது. உள்ளூர்க் கலைஞர் நிகழ்ச்சியில் கிழமைக்கு ஓரிரு தடவை தொடங்கி, ஒரு மாதத்துக்குள் மாலை நேரத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பாடல்களின் சுழற்சியிலும் சேர்ந்தது. பத்தியாளரின் வீட்டாரும் உறவினரும் நேயர் விருப்ப நேரத்தில் தொலைபேசி எடுத்து இந்தப் பாட்டைக் கேட்கத் தொடங்கினர். அன்பினால் செய்ததுதான். ஆனால் நேயர் விருப்பம் இலங்கை வானொலிக் காலத்திலிருந்து அறிவிப்பாளர்கள் குரலை வைத்து ஆளை அறியும் இடம். ‘இண்டைக்கும் உங்கட சித்திதான் எடுத்தவ’ என்று ஒரு அறிவிப்பாளர் சொன்ன பிறகே அது நின்றது. அதற்குள் அந்த அழைப்புகளை வைத்து ‘நேயர்கள் விரும்பும் பாடல்’ என்ற சொல் ஒலிபரப்பில் வந்துவிட்டிருந்தது.

சிக்கல் எழுந்த இடம்

பாடல் சுழற்சியில் இருந்த காலத்தில் பத்தியாளர் மூன்று விடயங்களை எழுதியிருந்தார். இசையமைப்பாளரின் புதிய இசைத்தொகுப்பைப் பாராட்டி ஒரு பத்தி. தயாரிப்பாளரின் நிகழ்ச்சி ஆண்டு நிறைவு பற்றி ஒரு பத்தி. வேறொரு இளம் பாடகியின் பாடலைப் பற்றி, ‘மிக்சிங்கில் கவனம் போதாது’ என்று இரண்டு வரி. மூன்றிலும் சொல்லப்பட்ட கருத்து தனித்தனியே நியாயமானது. இசைத்தொகுப்பு நல்ல தொகுப்புத்தான். ஆனால் தனக்கும் இவர்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எங்கும் ஒரு சொல் இல்லை.

அந்த இளம் பாடகி ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தில் வசை எதுவும் இல்லை. திகதி வாரியாக, எந்தக் கிழமை எந்தப் பத்தி வந்தது, எந்தக் கிழமையிலிருந்து பாடல் ஒலித்தது என்று இரண்டு நிரல்களாக எழுதியிருந்தார். ஆசிரியர் பழைய இதழ்களை எடுத்து ஒப்பிட்டார். திகதிகள் சரியாக இருந்தன.

ஆசிரியரின் விசாரணையில் பேரம் எதுவும் நடந்ததற்கான அறிகுறி கிடைக்கவில்லை. குறைந்த கூலிக்குப் பதிலாகப் பாராட்டு என்று யாரும் பேசவில்லை. பாடல் ஏற்கப்பட்டதற்கு மறுவேலையே காரணம் என்பதற்கு முதல் நிராகரிப்பே சான்று: அதே நட்பு, அதே எண், ஆனால் பாடல் போகவில்லை. இருந்தாலும் வாசகரின் இடத்திலிருந்து பார்த்தால் வேறு படம். கொடுக்கப்படாத மிச்சக் கூலி ஒரு கடன். கடன்பட்டவர் கடன் கொடுத்தவரின் இசையைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுதியவரின் மனம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வாசகரிடம் அதைச் சரிபார்க்க வழியில்லை. இந்த இடத்தில் இளம் பாடகியின் பக்கம் நிற்பதைத் தவிர வேறு நிலைப்பாடு எடுக்க முடியாது என்பதே இந்த ஆய்வின் கருத்து.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பத்தியை முற்றாக நிறுத்துவதா, பாடுவதை நிறுத்தச் சொல்வதா என்று முதலில் யோசிக்கப்பட்டது. இரண்டும் கைவிடப்பட்டன. உள்ளூர் இசையைக் காதால் பிரித்தறிந்து எழுதக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. பாடத் தெரிந்தவர் எழுதக்கூடாது என்றால் பாடத் தெரியாதவர் மட்டுமே எழுத வேண்டி வரும். ஆகவே ஆளை விலக்காமல் எல்லையைப் போடுவது என்று தீர்மானமாயிற்று.

பத்தி ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. அடுத்த இதழிலேயே மூன்று பத்திகளையும் திகதியோடு குறிப்பிட்டு, தொடர்பு என்ன என்று சொல்லும் ஆசிரியர் குறிப்பு வந்தது. இளம் பாடகியின் கடிதம் அவருடைய சம்மதத்தோடு பெயரின்றி வெளியானது.

இசையமைப்பாளருக்கு மிச்சக் கூலியை முழுமையாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கும்படி ஆசிரியர் கேட்டார். இசையமைப்பாளருக்கு இதில் மனவருத்தம். அண்ணன் தங்கையாகப் பழகிய இடத்தில் பற்றுச்சீட்டா என்று கேட்டார். பத்தியாளர் நேரில் போய் விளக்கிய பின் வாங்கிக்கொண்டார். அன்றே இருவரும் ஒரு பக்க ஒப்பந்தமும் எழுதினர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை படைப்போடேயே பிறக்கிறது. பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் உரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். வரி பத்தியாளருடையது, மெட்டு இசையமைப்பாளருடையது, ஒலிப்பதிவின் உரிமை செலவைக் கொடுத்த பத்தியாளருடையது, இசை மட்டும் உள்ள கோப்பை மேடையில் பயன்படுத்த இருவருக்கும் உரிமை என்று நான்கு வரிகள். வட்ஸ்அப் குரல் பதிவு சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த நான்கு வரிக்குள் அடங்கிற்று.

கடந்த இரண்டு வருடத்துக்குள் கூலிக்கோ இலவசமாகவோ சேர்ந்து வேலை செய்தவர்களின் பட்டியலைப் பத்தியாளர் ஆசிரியரிடம் கொடுத்தார். அவர்களைப் பற்றிய விமர்சனம் வேறொருவருக்குப் போகும். செய்தியாக அவர்களைக் குறிப்பிட நேர்ந்தால் தொடர்பைச் சொல்லும் வரி வரும்: ‘இங்கே குறிப்பிடப்படும் இசையமைப்பாளர், பத்தியாளர் பாடிய பாடலொன்றுக்கு இசையமைத்தவர்.’ தன் பாடலை ஒலிபரப்பும் நிலையத்தின் நிகழ்ச்சிகளை அவர் விமர்சிப்பதில்லை. பாட்டுப் போட்டிகளில் நடுவராக உட்காருவதில்லை.

பாடல் அனுப்புவதற்குப் புதிய மின்னஞ்சலும் புதிய எண்ணும் எடுக்கப்பட்டன. இனி நிலையத்தின் பொது முகவரிக்கு மட்டுமே அனுப்புவது. தகவல் தாளில் பத்திரிகைத் தொடர்பைச் சொல்லாமல் விடுவதில்லை, மாறாகத் ‘தமிழ் வார இதழொன்றில் இசை பற்றி எழுதுபவர்’ என்று வெளிப்படையாகவே எழுதுவது. மறைத்தால் தயாரிப்பாளரும் சிக்கலில் மாட்டுவார் என்பதே காரணம்.

பின்னர் நடந்தவை

தொடர்பைச் சொல்லும் வரியை முதலில் பத்தியின் அடியில் வைத்தார்கள். இரண்டாவது கிழமையே அது காணாமல் போனது. கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்து, பக்கம் வடிவமைப்பவர் இடம் போதாமல் கடைசி இரண்டு வரியை வெட்டியிருந்தார். வேண்டுமென்று செய்ததல்ல; அடியில் இருப்பதுதான் எப்போதும் வெட்டுப்படும். அதற்குப் பிறகு அந்த வரி தலைப்புக்குக் கீழே, எழுதியவர் பெயரோடு சேர்ந்தது. மின்பதிப்பில் பத்தி ஏற்றும்போதும் அது உடலோடு சேர்ந்தே போகும்படி பார்த்துக்கொண்டார்கள். பெயரும் வரியும் தனித்தனிப் பெட்டிகளில் இருந்தால் கைபேசித் திரையில் ஒன்று விழுந்துவிடும்.

முதல் பாடல் சுமார் பத்துக் கிழமையில் சுழற்சியிலிருந்து இறங்கியது. ஆசிரியர் குறிப்பு வந்ததும் அதே காலப்பகுதி. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பலர் கேட்டனர். உள்ளூர்ப் பாடல்கள் பெரும்பாலும் அவ்வளவு காலமே சுழற்சியில் நிற்கும் என்பதால் எந்தப் பக்கமும் முடிவு சொல்ல இடமில்லை.

இரண்டாவது பாடல் பொது முகவரிக்குப் போனது. இரண்டு மாதம் பதிலில்லை. பத்தியாளர் யாரையும் கைபேசியில் அழைக்கவில்லை. மின்னஞ்சலில் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பினார். இறுதியில் ஒரு நிலையம் இரவு நிகழ்ச்சியில் சேர்த்தது. ஒலிபரப்பு எண்ணிக்கை முதல் பாடலைவிடக் குறைவு. மோனோ, ‘ஸ’, நீளம் என்று எந்தத் தொழில்நுட்பக் குறையும் சொல்லப்படவில்லை. நட்பு வழி போவதைவிட இந்த வழி மெதுவானது, மற்ற எல்லோரும் நடப்பதும் இதே வழிதான்.

பத்தி திரும்பியபோது அதன் போக்கும் மாறியது. கொழும்பின் மூத்த வாத்தியக் கலைஞர்களின் நேர்காணல்கள், பழைய மெல்லிசைப் பதிவுகளின் வரலாறு, வானொலிக்குப் பாடல் தயாரிப்பது எப்படி என்ற தொடர் ஆகியவை வந்தன. அந்தத் தொடரை அனுமதிக்கலாமா என்று ஆசிரியர் குழுவில் வாதம் நடந்தது. பத்தியாளருக்கு அதில் தனி ஆதாயம் இல்லை, போட்டியாளர்களுக்கே நன்மை என்பதால் அனுமதித்தார்கள். மோனோ சோதனை பற்றிய பகுதிக்கு வந்த கேள்விகள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இளைஞர்கள் தங்கள் கோப்புகளை அனுப்பிக் கேட்டார்கள். கோப்புகளைக் கேட்டுக் கருத்துச் சொல்லும் வேலையைப் பத்தியாளர் ஏற்கவில்லை. அது மீண்டும் அதே முடிச்சாகும் என்பதால் ஒலிப்பதிவாளர் ஒருவரிடம் அனுப்பிவைத்தார்.

மாற்ற வேண்டியவை

இதே நிலையில் இன்னொருவர் இருந்தால், தொடர்புப் பட்டியல் முதல் ஒலிப்பதிவுக்கு முன்பே ஆசிரியரிடம் போக வேண்டும். பாடல் ஒலிக்கத் தொடங்கிய பிறகு கொடுத்தால் அது விளக்கம் போலவே ஒலிக்கும். கூலி பேசும்போதே ஒப்பந்தமும் எழுதப்பட வேண்டும். சலுகை கிடைத்தால் சலுகை எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

ஒலிப்பதிவில், மோனோ சோதனையை மாஸ்டரிங்குக்கு அல்ல, மிக்சிங்கின் முதல் நாளுக்குக் கொண்டுவர வேண்டும். விரிப்பானைச் சேர்த்து எல்லாச் சமநிலையையும் அதன் மேல் கட்டிய பிறகு எடுத்தால் முழு மிக்ஸையும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். இங்கே கலையக வாடகையில் பெரும்பகுதி அதற்கே போனது. கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரில், சத்தத்தைக் குறைத்து வைத்து, பல்லவியின் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றனவா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை.

நிலையங்களின் பக்கமும் ஒன்று இருக்கிறது. பாடல் ஏற்கும் படிவத்தில், ‘நீங்கள் ஊடகத்தில் பணியாற்றுகிறீர்களா, எங்கே’ என்று ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். ஆம் என்றால் அந்தப் பாடலைத் தயாரிப்பாளர் தனியே தீர்மானிக்காமல் இன்னும் இருவர் சேர்ந்து கேட்கலாம். பழைய குரல்தேர்வுக் குழு செய்த வேலையில் ஒரு சிறு பங்காவது அதில் திரும்ப வரும்.

இன்னும் தீராத ஒன்று இரண்டு வருட எல்லை. இசையமைப்பாளரோடு பத்தியாளர் மீண்டும் வேலை செய்யவில்லை என்றாலும், முதல் பாடல் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வரை வருமானம் சிறிதளவேனும் இருவருக்கும் வந்துகொண்டிருக்கும். அந்த வருமானம் இருக்கும் காலம் முழுவதும் எல்லை நீளுமா, கடைசியாகச் சேர்ந்து வேலை செய்த நாளிலிருந்து எண்ணுவதா என்று ஆசிரியர் குழு இன்னும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்கும் வரை அந்த இசையமைப்பாளரின் தொகுப்புகள் வேறொரு எழுத்தாளரிடமே போகின்றன.